நூலாகாத பஞ்சு

ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில்
மூன்று வருஷம் எந்திரம் பார்த்த பிரெஞ்சுக்காரர்
ஊருக்குப் போகுமுன் எனக்கு விற்றார்.
ஒன்பதாயிரம் ரூபாய். கூடவே ஒரு புகையிலை டப்பா,
உள்ளே பல்லி முட்டை அளவு பஞ்சு.
"குரல் தந்தியில் பாதி, மீதி இதில்" என்றார்.
மீதிப் பாதி பதினோரு நாளில் தீர்ந்தது.

கைப்பிடியைச் சுற்றினால் மரச் சக்கரம் சுழலும்,
சக்கரம் தந்தியை உரசும்.
வில்லுக்கு நுனியே இல்லாத வயலின்.
ஹர்டி கர்டி என்று பெயர்.
சத்துவாச்சாரியில் வீட்டுக்காரர் பெஞ்சமின் வைத்த பெயர்
மாவு மெஷின்.

தந்தியும் சக்கரமும் தொடும் இடத்தில்
நக அகலத்துக்குப் பஞ்சு சுற்ற வேண்டும்.
சுற்றாவிட்டால் தகரத்தில் ஆணி இழுக்கும்.
கூடிப்போனால்
யாரோ போர்வைக்குள் அழுவார்கள்.

எனக்கு வேலை ஆஸ்பத்திரியில்,
கட்டுத்துணியைக் கொதிநீராவிக்குள் அனுப்பும் பிரிவு.
தினம் நாற்பது கிலோ பஞ்சு என் கை வழியே போகிறது.
அதில் ஒரு சிட்டிகை எடுத்தேன், ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான்.
வெளுத்து வெளுத்து
எண்ணெய்ப்பசை போன பஞ்சு.
ரத்தம் குடிக்கத் தெரிகிறது,
ரோசினைப் பிடிக்கத் தெரியவில்லை.
அரை நிமிஷத்தில் பூனை முடியாய்ப் பறந்தது.

லாங் பஜாரில் விளக்குத் திரி.
ஏற்கெனவே முறுக்கியது, இனி யார் பேச்சையும் கேட்காது.
மெத்தைக் கடை காதர் பாஷா இலவம்பஞ்சை நீட்டினார்.
தும்மினேன், கடை முழுக்கப் போனது.
இழைக்கு இழை ஒட்டுறவே இல்லை.
கிளி காத்திருந்தது இதற்கா?
வைட்டமின் பாட்டில் வாயை அடைத்திருப்பது
பஞ்சே அல்ல, பஞ்சு வேஷம்.

பள்ளிகொண்டாவில் பஸ் பாலாற்றைத் தாண்டியபோது
மணலில் கிரிக்கெட் நடந்தது.
குடியாத்தம் மில் கேட்டில் ஒரு மணி நேரம்.
கடைசியில் முனிரத்தினம் வந்தார், தரம் பார்ப்பவர்,
என் வயசுதான் இருக்கும்,
சட்டைப்பையில் கறுப்பு வெல்வெட் துண்டு.
"எத்தனாம் நம்பர் நூலுக்குங்க?"
நூலுக்கு இல்லை.
"அப்புறம்?"
சத்தத்துக்கு.
என் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்தார்.
பாகாயம் பிரிவிலிருந்து தப்பி வந்தவள் என்று
நினைத்திருக்கலாம்.

ஆனாலும் ஒரு கொத்தை எடுத்தார்.
இழுத்தார், மடித்தார், மறுபடி இழுத்தார்.
குட்டை இழைகள் விரலோடு கழிய
மிஞ்சியதை வெல்வெட்டில் படுக்க வைத்தார்:
சாய்வாய் மழை. முப்பத்தாறு மில்லிமீட்டர்.
"சீப்பு போட்டது. முறுக்கு ஏறல. பசை அப்படியே இருக்கு.
எடுத்துக்கிட்டுப் போங்க,
இதுக்கு எப்படி ரசீது போடறதுன்னு எனக்குத் தெரியல."

இரவு, தந்தியருகே பஞ்சைக் காட்டினேன்.
சுழலும் சக்கரமே வாங்கிச் சுற்றிக்கொண்டது.
தகரம் இல்லை. போர்வை இல்லை.
மாடியில் குழாய்ச் சத்தம் நின்றது,
பெஞ்சமின் கேட்கிறாரோ, டாங்கில்தான் தண்ணீர் இல்லையோ.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு,
கோட்டைச் சுவர்மேல் கை வைக்க முடியாத வெயிலில்
ரோசின் இளகி எல்லாம் சக்கரத்தோடு போனது.
மறுபடி சுற்றினேன். மறுபடி.
வேலூரில் இது விடிகாலை வாத்தியம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு ஐந்தரைக்குப் போன்.
ஷிப்ட் முடிந்த குரல்.
"என் பஞ்சு என்னங்க ஆச்சு?"
ஸ்பீக்கரில் போட்டு
சக்கரத்தருகே வைத்துச் சுற்றினேன்.
ஒரு நிமிஷம். இரண்டு.
லைன் போய்விட்டது என்று நினைத்தபோது சொன்னார்:
"நல்லாத்தான் இருக்கு. ஆனா
அந்த ஒசந்த கம்பியில ஒரு முடிச்சு கிடக்கு பாருங்க.
கடுகுல பாதி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
ஊசியோடு குனிந்தேன்.

பாதிகூட இல்லை.